உங்களுக்குத் தெரியுமா? கொழும்புத் திட்டமும் ஊட்டித் தொலைகாட்டியும்

● மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும், முகிலே இல்லாத பகல் வேளையில், டிவி படம் சில நிமிடம் சிதறி நின்றுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். டிஷ்ஷிலோ வயரிலோ பிழை இல்லை. செய்மதிக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும் நேரம் அது. சூரியன் வெளிச்சத்தோடு வானொலி அலைகளையும் அள்ளி வீசுகிறது. அந்த இரைச்சலுக்குள் செய்மதியின் மெல்லிய சமிக்ஞை அமிழ்ந்துபோகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில், தம்பிலுவிலில் உங்கள் கூரையில் இருக்கும் அந்தத் தட்டு, அந்தச் சில நிமிடங்களுக்கு, சூரியனைப் பார்க்கும் வானொலித் தொலைகாட்டி.

● வானொலி வானியல் என்ற துறை தொடங்கியதும் ஓர் இரைச்சலில்தான். கடல்கடந்த தொலைபேசிப் பேச்சைக் குழப்புவது எது என்று அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி தேடினார். இடி மின்னலின் இரைச்சலைக் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சியது. பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து அது வருகிறது என்று 1933இல் அறிவித்தார்.

● 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர்கள் மாநாட்டில் பிறந்தது கொழும்புத் திட்டம். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டு அதைக் கடந்து வந்தவர்கள்தான் நம்மில் அநேகம் பேர். அந்தத் திட்டத்தின் புலமைப்பரிசிலில் 1953இல் சிட்னிக்குப் போன ஓர் இளைஞர்தான், இந்திய வானொலி வானியலின் தந்தை என்று இன்று போற்றப்படும் கோவிந்த் ஸ்வரூப். உத்தரப் பிரதேசத்தின் தாகூர்துவாரா என்ற சிற்றூரில் 1929 மார்ச் 23ஆம் திகதி பிறந்தவர். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவர்.

● அவரை அனுப்பிவைத்தவர் ஒரு தமிழர். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928இல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது சி. வி. ராமனுடன் தோளோடு தோள் நின்றவர். பின்னர் டில்லி தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் பணிப்பாளரானார். 1952இல் சிட்னியில் நடந்த வானொலி விஞ்ஞான மாநாட்டுக்குப் போய், அவுஸ்திரேலியர்களின் வேலையைக் கண்டு வியந்து, திரும்பி வந்து ஆய்வுகூடத்தில் அதைப் பற்றி உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்த ஸ்வரூப்புக்கு அந்தப் பேச்சு வாழ்க்கைத் திசையையே மாற்றிவிட்டது. ஸ்வரூப்போடு ஆர். பார்த்தசாரதி என்ற இன்னோர் இந்தியரும் சிட்னிக்குப் போனார்.

● தொலைகாட்டியின் ஒரு பாதியாகக் கடலையே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது தெரியுமா? சிட்னியில் டோவர் ஹைட்ஸ் என்ற செங்குத்துக் கடற்கரை. நம் கரையைப் போலவே அதுவும் கிழக்கு நோக்கியது. குன்றின் உச்சியில் போர்க்கால ராடார் அன்டெனா ஒன்று இருந்தது. சூரியன் கடலுக்கு மேல் எழும்போது அதன் அலைகள் நேராகவும் வரும், கடல்நீரில் பட்டுத் தெறித்தும் வரும். இரண்டும் கலந்து கூடிக் குறைவதை அளந்தால், சூரியனில் எந்த இடத்திலிருந்து அலை கிளம்புகிறது என்று கணித்துவிடலாம். 1946 ஜனவரியில் இந்த முறையைச் செய்துகாட்டிய குழுவில் முக்கியமானவர் ரூபி பெய்ன்-ஸ்கொட், உலகின் முதல் பெண் வானொலி வானியலாளர்களுள் ஒருவர். மணமான பெண்ணுக்கு அரச சேவையில் நிரந்தரப் பதவி இல்லை என்ற சட்டம் அப்போது அங்கே இருந்தது. அதனால் 1944இல் செய்த திருமணத்தை அவர் மறைத்தே வைத்திருந்தார். விஷயம் வெளியே வந்ததும் நிரந்தரப் பதவி பறிபோனது. 1951இல் பிள்ளைப் பேற்றுக்கு முன் வேலையை விட்டார். ஸ்வரூப் அங்கே போய்ச் சேரும்போது அவர் இல்லை. எவ்வளவு பெரிய இழப்பு! அந்தச் சட்டம் நீங்க 1966 வரை ஆனது.

● சிட்னியில் பொட்ஸ் ஹில் என்ற இடத்து நீர்த்தேக்கக் கரையில் ஆறடி விட்டமுள்ள 32 தட்டுகளை வரிசையாக நிறுத்திச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவற்றின் வேலை முடிந்து கழிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவற்றை இந்தியாவுக்குத் தாருங்கள் என்று கேட்டார் ஸ்வரூப். அங்கே தலைமை வகித்த ஜோசப் போசி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். ஆனால் கப்பற்கூலி யார் கொடுப்பது என்ற இழுபறியில் தட்டுகள் வந்துசேரத் தாமதமாயிற்று. காத்திருந்து களைத்த ஸ்வரூப் 1956இல் அமெரிக்காவுக்குப் போனார். டெக்சஸில் சூரியனின் வானொலி வெடிப்புகளில் புதிய வகை ஒன்றை ஏ. மக்ஸ்வெல்லுடன் சேர்ந்து அடையாளம் கண்டார். ஸ்டான்போர்டில் ரொனால்ட் பிரேஸ்வெல்லிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். பழைய தட்டுகள் என்னவாயின? 1965இல், பம்பாய்க்கு அருகே கல்யாணில், அதே 32 தட்டுகளும் மறுபடி சூரியனைப் பார்க்கத் தொடங்கின. இந்தியாவின் முதல் வானொலித் தொலைகாட்டிகளுள் ஒன்று அந்தப் பழைய சாமான்தான்.

● 1961இல் வெளிநாட்டில் இருந்த நான்கு இந்தியர் (ஸ்வரூப், டி. கே. மேனன், எம். ஆர். குண்டு, டி. கிருஷ்ணன்) சேர்ந்து, நாடு திரும்பி வானொலி வானியல் குழு ஒன்றை அமைக்க விரும்புகிறோம் என்று இந்திய நிறுவனங்களுக்கு எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா, குழுவை அமைக்கத் தீர்மானித்துவிட்டோம் என்று 1962 ஜனவரியில் தந்தியே அடித்துவிட்டார். ஸ்வரூப் 1963இல் வந்து இறங்கினார்.

● இனி ஊட்டி. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

வானத்து மூலம் ஒன்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால், பூமி சுழலும் வேகத்துக்கு எதிராகத் தொலைகாட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய கருவியை இரண்டு அச்சுகளில் திருப்புவது செலவு பிடித்த வேலை. கருவியின் அச்சைப் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக வைத்துவிட்டால் ஓர் அச்சில் திருப்பினால் போதும். அதற்கு, வடக்கு நோக்கி உயரும் ஒரு சரிவு வேண்டும். சரிவின் கோணம் அந்த ஊரின் அகலாங்குக்குச் சமமாக இருக்க வேண்டும். ஊட்டியின் அகலாங்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், வடக்கு நோக்கி ஏறத்தாழ 11 பாகை உயரும் மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள்.

அந்தச் சரிவின் மேல் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு பரவளைவு உருளை. 24 இரும்புச் சட்டங்கள். அவற்றின் மேல் தலையிலிருந்து கால்வரை நீளப்பாட்டில் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். குவியக் கோட்டில் 1,056 இருமுனை அன்டெனாக்கள். இவ்வளவு பெரியதைக் கிழக்கு மேற்காக உருட்டி, ஒரு மூலத்தை ஒன்பதரை மணித்தியாலம் விடாமல் பின்தொடரலாம். வடக்குத் தெற்காகப் பார்வையை மாற்ற இரும்பை அசைக்கவே தேவையில்லை. அன்டெனாக்களின் சமிக்ஞைகளைச் சேர்க்கும் விதத்தை மாற்றினால் சரி. இந்தியாவிலேயே வரைந்து, இந்தியாவிலேயே கட்டி, 1970இல் இயக்கினார்கள். 1966 ஜனவரியில் விமான விபத்தில் இறந்த ஹோமி பாபா அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

● அப்படி ஒன்றைத் தம்பிலுவிலில் அமைப்பதானால்? நம் அகலாங்கு ஏறத்தாழ 7 பாகை. 530 மீட்டர் நீளத்துக்கு வடக்கு முனை தெற்கு முனையைவிடச் சுமார் 65 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். கடலும் வயலும் கொண்ட நம் தட்டைத் தரையில் அது நடவாது. ஆனால் பூமத்தியகோட்டிலேயே போய் நின்றால் சரிவே தேவையில்லை, சமதரை போதும். ஸ்வரூப் இதையும் யோசித்தார். கென்யாவிலோ இந்தோனேசியாவிலோ, 2 கிலோமீட்டர் நீளத்தில், வளரும் நாடுகள் கூட்டாகக் கட்டும் ஒரு தொலைகாட்டிக்கு 1970களின் கடைசியில் திட்டம் வரைந்தார். பணம் கூடிவரவில்லை. விஞ்ஞானத்தில் பின்தங்கியவை என்று ஒதுக்கப்பட்ட நாடுகளிடம் விலைகொடுத்து வாங்க முடியாத ஓர் இடம் கையில் இருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்ன திட்டம் அது. கைகூடாமற் போனாலும் அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.



● ஊட்டித் தொலைகாட்டிக்குக் கூட்டாளி நிலவு. தூரத்து மூலம் ஒன்றை நிலவு மறைக்கும் கணமும் விடும் கணமும் துல்லியமாகத் தெரிந்தால், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட மூலங்களை அளந்தார்கள். மங்கலான மூலங்கள் அளவிலும் சிறிதாகத் தெரியும் போக்கை 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் எடுத்துக்காட்டினார்கள். அண்டம் அன்றும் இன்றும் ஒரே மாதிரி என்ற கொள்கைக்கு அது ஒத்துவரவில்லை. பெருவெடிப்புக் கொள்கையின் பக்கம் ஒரு சாட்சி கூடிற்று.

● அடுத்த கனவு பூனே பக்கத்தில். கோடாத் கிராமத்தை நடுவாக வைத்து, 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள், 25 கிலோமீட்டர் பரப்பில். அத்தனை பெரிய தட்டுக்குத் தகடு போட்டால் பாரமும் கூடும், காற்றும் தள்ளும். ஸ்வரூப் குழுவினர் தகட்டை விட்டு வலைக்குப் போனார்கள். எஃகுக் கயிறுகளை இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிப்புள்ள கம்பிவலையை விரித்தார்கள். கண் ஒன்றின் அகலம் 1 முதல் 2 சென்ரிமீட்டர். கரைவலையில் தண்ணீர் போய் மீன் நிற்பதுபோல, காற்று புகுந்து போய்விடும். 21 சென்ரிமீட்டர் அலையும் அதைவிட நீண்டவையும் புகமுடியாமல் தெறித்துக் குவியத்துக்கு வரும். மீட்டர் அலைநீளங்களில் உலகின் முன்னணித் தொலைகாட்டிகளுள் இது ஒன்று. 2001இல் முறையாக நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள்.

● 2016 ஒக்டோபரில் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி இறங்குகலம் செவ்வாயில் இறங்கப்போனபோது அதன் மெல்லிய சமிக்ஞையைப் பூமியில் இருந்து பிடித்துக்கொண்டிருந்தது இந்தத் தட்டுக் கூட்டம்தான். கலம் தரையில் மோதி உடைந்தது. இறங்கும் வழியில் சமிக்ஞை அறுந்ததை முதலில் கண்டவர்கள் கோடாத்தில் இருந்தவர்கள்.

● ஸ்வரூப்புக்கு 1973இல் பத்மஸ்ரீ, 1991இல் றோயல் சொசைட்டி உறுப்புரிமை, 2007இல் குரோட் ரெபர் பதக்கம். இந்தியாவில் இளமாணி மாணவரும் ஆய்வாளரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஐசர் நிறுவனங்களுக்கான யோசனையை வி. ஜி. பிடேயுடன் சேர்ந்து முன்வைத்தவரும் ஸ்வரூப்தான். 2020 செப்டெம்பர் 7ஆம் திகதி, 91 வயதில் பூனேயில் காலமானார்.

● ஊட்டித் தொலைகாட்டி ஓய்ந்துவிட்டதா? இல்லை. தூரத்து வானொலி மூலங்கள் சூரியக் காற்றுக்கூடாகத் தெரியும்போது மினுங்குகின்றன. அந்த மினுக்கத்தை அளந்து, சூரியனிலிருந்து கிளம்பிய புயல் எந்தப் பக்கம், எந்த வேகத்தில் வருகிறது என்று பார்ப்பது இப்போது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அப்படியொரு புயல் பூமியில் மோதினால் மின்வலையமைப்பும் செய்மதிகளும் பாதிக்கப்படலாம். ஆழ்கடலுக்குப் போகும் நம் மீனவரின் பலநாட் படகில் வழிகாட்டும் ஜிபிஎஸ்ஸும் தடுமாறலாம்.