பெயின்ட் கடைசி வேலை

வெட்டிய கிளையை ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கக் குழாய் வழியே சின்னச் சின்னச் சில்லுகளாகப் பீய்ச்சியடிக்கும் இயந்திரம் மரச் சிப்பர். வடக்கு ஜெர்மனியில் மாஸ்பூல் என்ற ஊரில் மரவேலை இயந்திரங்களைச் செய்தும் பழுதுபார்த்தும் வந்த பீட்டர் யென்சன் 1884-இல் இதை உருவாக்கினார். இன்று இது அமெரிக்கத் தெருக்களில் அன்றாடக் காட்சி. அயோவாவின் பெல்லாவில் 1948-இல் தொடங்கிய வெர்மியர், மிச்சிகனின் வின் என்ற சிற்றூரில் 1957-இல் தொடங்கிய மோர்பார்க், அதே மாநிலத்தின் ரீமஸில் 1983-இல் தொடங்கிய பேண்டிட் ஆகியவை பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள்.

மின்கம்பிகளை உரசும் மரங்களைக் கழிக்கும் ஒப்பந்த நிறுவனங்கள் சிப்பர்களை மொத்தமாக வாங்கி, சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு ஏலத்தில் விடுகின்றன. அவற்றை எடுத்துப் பழுதுநீக்கி, பெயின்ட் அடித்து விற்கும் பட்டறைகள் அங்கே உண்டு. வாங்குபவர்களில் பலர் சொந்தமாகத் தொழில் தொடங்கும் சிறு குழுவினர். புது இயந்திரத்தின் விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பெயின்ட் மறைத்த பழுதையும் அவர்களால் தாங்க முடியாது. அதனால்தான் இந்தப் பட்டறைகளில் எந்த வேலை முதலில் நடக்கிறது, எது கடைசியில் நடக்கிறது என்பது முக்கியமாகிறது.

சிப்பரின் உயிர் கத்தியில் இருக்கிறது. தட்டு வகைச் சிப்பரில், கனத்த எஃகுத் தட்டின் முகத்தில் கத்திகள் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஹைட்ராலிக் உருளைகள் கிளையைக் கவ்வி உள்ளே தள்ள, சுழலும் கத்திக்கும் அசையாமல் நிற்கும் கீழ்க்கத்திக்கும் நடுவே மரம் அறுபடுகிறது. தட்டோடு இணைந்த துடுப்புகள் காற்றைக் கிளப்பிச் சில்லுகளை வெளியே எறிகின்றன. இரண்டு கத்திகளுக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அது கூடினாலோ முனை மழுங்கினாலோ, சில்லுக்குப் பதில் நார் நாராகக் கிழிந்து வரும். குழாய் அடைக்கும், எஞ்சின் திணறும்.

கத்தியைச் சாணை பிடிப்பதிலும் பக்குவம் வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் சூடேறி முனை நீலம் பாய்ந்துவிடும். அப்போதே எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். எதிரெதிரே பூட்டும் கத்திகளை ஒன்றாகவே தேய்த்து, ஒரே எடையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டு ஆடும், அந்த ஆட்டம் பேரிங்கைத் தின்றுவிடும். பழைய போல்ட்டையே திரும்பப் போட்டு இறுக்குவதைப் போன்ற ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

ஓடிய மணியைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது, மீட்டரை மாற்றிவிடலாம். கிளை நுழையும் தொட்டியின் தரைத்தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, தட்டின் உறைச்சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்தால் உண்மை வயது தெரிந்துவிடும். மெலிந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள். வண்டியோடு இணைக்கும் கொக்கித் தண்டிலும் அச்சுக்கு அருகிலும் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும். சுரண்டிய இரும்பில் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், விரிசல் உறிஞ்சிய சாயம் சிவப்புக் கோடாகக் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். பெயின்ட் அடித்துவிட்டால் இந்தச் சோதனைக்கே இடமில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெயின்ட். மரப்பிசினும் கிரீஸும் தூளும் கலந்து இறுகிய அழுக்கை அழுத்த நீரால் அடித்துக் கழுவி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் எடுக்க வேண்டும். துகள் வீசித் துரு எடுக்கும்போது பேரிங், ரேடியேட்டர், ஹைட்ராலிக் தண்டு எல்லாவற்றையும் மூடி மறைக்க வேண்டும். சாதாரண மணலில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் கார்னெட் போன்ற துகள்கள் நல்லவை. பிறகு எபாக்சி பிரைமர். அதன்மேல் இரண்டு கூறுகளைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன். வெயிலையும் டீசலையும் இது நன்றாகத் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. வெளிக்காற்று தரும் முகமூடி இல்லாமல் இதை அடிக்கச் சொல்லும் முதலாளியிடம் யாரும் வேலை செய்யக் கூடாது.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை: ரப்பர் ஹோஸ், பெல்ட், கிரீஸ் முனை ஆகியவற்றின் மேலும் பெயின்ட் படிந்திருந்தால், எதையும் கழற்றாமல் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். சில்லுக் குழாயின் உட்புறமும் பளபளத்தால், பெயின்ட்டுக்குப் பின் அது ஒரு கிளையைக்கூட நறுக்கவில்லை. விற்பவர் முன்னாலேயே நல்ல தடித்த கிளையைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். உருளையை நிறுத்திப் பின்னோக்கிச் சுற்றவைக்கும் கைப்பிடியையும் இழுத்துப் பாருங்கள். உடையோ கையோ கிளையோடு இழுபடும்போது ஆளைக் காப்பது அதுதான். எஞ்சினை அணைத்த பிறகும் தட்டு வெகுநேரம் சுழலும். முழுக்க நிற்காமல் மேல்மூடியைத் திறந்து உயிர்விட்டவர்கள் உண்டு. அதை எச்சரிக்கும் ஒட்டிகள் பழைய பெயின்ட்டோடு உரிந்து போகின்றன. தயாரிப்பாளரிடமிருந்து புதியவற்றை வரவழைத்து, அவை இருந்த இடங்களிலேயே ஒட்டிய பிறகே பட்டறை அந்த இயந்திரத்தை விற்பனைக்கு வைக்க வேண்டும்.