தனித்து வந்த சிறார்க்குப் பொறுப்பாளர் யார்?



பெற்றாரும் உற்றாருமின்றி ஓர் அந்நிய நாட்டின் கரையை அடையும் சிறுவனுக்கு அங்கே பொறுப்பாளர் யார்? அரசாங்கமே பொறுப்பு என்று கூறிவிடுதல் எளிது. ஆனால், அன்றிரவு அவனுக்குப் படுக்கை கொடுப்பவர் யார், நோயுற்றால் வைத்தியரிடம் அழைத்துச் செல்பவர் யார், பாடசாலை அனுமதிப் பத்திரத்திற் கையொப்பமிடுபவர் யார் என்று வினவினால், ஒரு குறிப்பிட்ட சபையின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். இவ்வினாவுக்கு விடை காணப் பிரித்தானியா மேற்கொண்ட முயற்சியையும், அதிலே நேர்ந்த இடர்ப்பாட்டையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் ஒரு தெளிவான விதியை வகுத்துள்ளது. பெற்றோர் பொறுப்பை ஏற்பதற்கு எவருமில்லாத பிள்ளை ஓர் உள்ளூராட்சிச் சபையின் எல்லைக்குள் இருந்தால், அப்பிள்ளைக்கு உறைவிடம் அளிப்பது அச்சபையின் கடமையாகும். பிள்ளை எந்நாட்டது என்று அச்சட்டம் கேட்பதில்லை; தன் எல்லைக்குள் ஆதரவற்று நிற்கின்றதா என்று மட்டுமே கேட்கின்றது. கருணை மிக்க விதிதான். எனினும், 'தன் எல்லைக்குள்' என்ற அச்சொற்களிலேயே ஒரு சிக்கலும் அடங்கியிருந்தது.

பிரான்சு நாட்டின் கரைக்கும் இங்கிலாந்தின் டோவர் நகருக்கும் இடையிலுள்ள கடல் மிக ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீற்றர் அகலமே உடையது. ஆப்கானிஸ்தான், சூடான், எரித்திரியா, ஈரான் முதலிய நாடுகளிலிருந்து புறப்பட்ட சிறார் பலர் சிறு படகுகளில் இக்கடலைக் கடந்து வருகின்றனர். இவர்களுட் பெரும்பாலார் 16, 17 வயதுடைய ஆண்பிள்ளைகள். டோவர் நகர் கென்ற் மாகாணத்தில் உள்ளது. ஆகவே, கரையேறும் பிள்ளைகள் யாவரும் கென்ற் சபையின் பிள்ளைகளாயினர். கடலோரத்தில் அமைந்த ஒரே காரணத்தால் ஒரு சபை பெருஞ்சுமையைத் தாங்க, உள்நாட்டுச் சபைகள் பல அதனைத் தொடாமலே இருந்தன.

இந்நிலையைச் சீர்செய்யவே 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தேசிய மாற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டுக் குடிவரவுச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. ஒரு சபையின் எல்லைக்குள் வாழும் சிறார் தொகையின் 0.07 வீதத்துக்கு மேல் தனித்து வந்த சிறார் அதன் பராமரிப்பில் இருந்தால், அப்பிள்ளைகளுட் சிலரை வேறு சபைக்கு மாற்றலாம் என்று திட்டம் கூறிற்று. 2022 ஓகஸ்டில் இவ்வளவு 0.1 வீதமாக உயர்த்தப்பட்டது. அதாவது, ஓர் இலட்சம் சிறார் வாழும் பகுதிக்கு 100 பிள்ளைகள் என்பது கணக்கு. பிள்ளை மாற்றப்பட்டதும், அவனை வளர்க்கும் சட்டக்கடமையும் புதிய சபையைச் சேரும். செலவுக்காக மத்திய அரசாங்கம் பணம் வழங்கும். 2022-23 நிதியாண்டில், சுமை மிகுந்த சபைகளுக்குப் பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு 143 பவுணும், ஏனையவற்றுக்கு 114 பவுணும் வழங்கப்பட்டன.

ஏட்டளவில் இஃது ஒழுங்கான ஏற்பாடு. ஆயினும், தொடக்கத்தில் இதிற் சேர்வது சபைகளின் விருப்பத்துக்கே விடப்பட்டது. பல சபைகள் போதிய இடமில்லை என ஒதுங்கின. சுமை தாளாத கென்ற் சபை 2020 ஓகஸ்டிலும், மீண்டும் 2021 ஜூனிலும், புதிதாக வரும் பிள்ளைகளை ஏற்க இயலாதென அறிவித்தது. அதன்பின் உள்நாட்டு அமைச்சு 2021 ஜூலை தொடங்கி அப்பிள்ளைகளை ஹோட்டல்களிலே தங்கவைத்தது.

நேயர்களே, இவ்விடத்திலேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஹோட்டலிற் கூரை இருந்தது, உணவும் இருந்தது, காவலரும் இருந்தனர். ஆனால், அப்பிள்ளையைத் தன் பிள்ளையென ஏற்ற சபை ஒன்றும் இருக்கவில்லை. விளைவு என்ன? ஏறத்தாழ 200 பிள்ளைகள் ஹோட்டல்களிலிருந்து காணாமற்போய் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரே நாடாளுமன்றத்திற் கூறினார். ஒரு வீட்டுப் பிள்ளை ஓரிரவு திரும்பாவிடின் ஊரே தேடும். இப்பிள்ளைகளைத் தேடுவதற்குரிய ஊர் எது?

இதற்கிடையில், 2022 பெப்ரவரியில், சிறார் பராமரிப்புக் கடமையுடைய எல்லாச் சபைகளுக்கும் திட்டம் கட்டாயமாக்கப்பட்டது. இருந்தும் ஹோட்டல்கள் மூடப்படவில்லை. ஈற்றில் வழக்கு மேல் நீதிமன்றத்தை அடைந்தது. தனித்து வந்த சிறாரை வழமையாக ஹோட்டல்களில் வைத்திருத்தல் சட்டவிரோதமானது என்றும், கென்ற் சபை தன் கடமையிலிருந்து விலக இயலாது என்றும் 2023 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜனவரி முடிவில் இறுதி ஹோட்டலும் மூடப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. முதலாவது, சுமையைப் பகிர்தல் நீதியானது. கரையிலே இருப்பவன் மட்டுமே கைகொடுக்க வேண்டும் என்றால், நாளடைவில் அவன் கையும் சோர்ந்துவிடும். இரண்டாவது, பகிரப்படுவது சுமையேயன்றிப் பிள்ளையன்று. பழைய கை விடுவதற்கும் புதிய கை பற்றுவதற்கும் இடையே ஒருநாள் இடைவெளியேனும் ஏற்படலாகாது.

இடமாற்றம் பிள்ளைக்கும் எளிதானதன்று. வீட்டை இழந்தவன், வழியிலே தோழரை இழந்தவன், டோவரிலே முதன்முதல் பழகிய ஒரு சமூக சேவையாளரையும் சில நாட்களிற் பிரிகின்றான். ஆதலாலே, மாற்றம் பிள்ளையின் நலனுக்கு உகந்ததா என்று முதலிற் பார்க்கவேண்டும் எனத் திட்டத்தின் விதிகள் கூறுகின்றன. அருகிலே உறவினர் இருப்பின், அதனையும் கருத்திற் கொள்ளவேண்டும். மாற்றம் விரைவாகவும் நடைபெறவேண்டும். பிள்ளை ஓரிடத்தில் வேரூன்றிய பின்னர்ப் பிடுங்குதல் தகாது.

எம் பாடசாலைகளில் ஒரு மாணவன் வேறிடம் செல்லும்போது விடுகைப் பத்திரம் கூடச் செல்லுகின்றது. அத்தாள் ஒன்று இல்லையெனின் அவன் எந்த வகுப்பிலே அமர்வது என்பதே குழப்பமாகும். தனித்து வந்த பிள்ளைக்கோ அதனினும் பலமடங்கு தேவை. அவன் பேசும் மொழி, உண்ணும் உணவு, உடல்நிலை, அவனை அச்சுறுத்தும் நினைவுகள், புகலிட விண்ணப்பத்தின் நிலை ஆகிய யாவும் அவனோடு சேர்ந்து புதிய சபைக்குச் செல்லவேண்டும். இல்லையேல், தன் துயரக்கதையை ஊருக்கு ஊர் புதிதாகச் சொல்லும் கொடுமைக்கு அவன் ஆளாவான். பராமரிப்பிலுள்ள பிள்ளைகளின் கல்வியைக் கண்காணிக்க ஒவ்வொரு சபையும் ஓர் அலுவலரை நியமிக்கவேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் விதித்திருப்பது போற்றத்தக்கது.

வீதங்களும் விதிகளும் நிதியும் இன்றியமையாதவையே. அவையின்றி நீதியான பங்கீடு இல்லை. ஆயினும், ஒரு திட்டம் நன்கு நடைபெறுகின்றதா என்பதை அறிய ஏட்டைப் புரட்டவேண்டியதில்லை. அப்பிள்ளை மாலையில் வீடு திரும்பத் தாமதித்தால், வாயிலில் நின்று வழிபார்ப்பவர் ஒருவர் இருக்கின்றாரா என்று கேட்டால் அதுவே போதும்.