தாத்தா விட்டுச்சென்ற பிஸ்டலில் ஸ்பிரிங் உடைந்தால்... லேத் பட்டறையில் கொடுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் அருகே உள்ள சோழபுரத்தில் ஒருவரிடம் தாத்தா காலத்து .32 பிஸ்டல் இருக்கிறது, லைசென்ஸும் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் வெளியே எடுத்துப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் உடைந்து கிடக்கிறது. ராஜபாளையம் மில் ஊர். லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. "நம்ம லேத்துக்காரர்கிட்ட கொடுத்தா அரை மணி நேரத்துல முடிச்சுடுவார்" என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த அரை மணி நேர வேலைக்குச் சட்டத்தில் இருக்கும் குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள்.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரிவு 5, துப்பாக்கி தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவரின் லைசென்ஸ் வேறு, ரிப்பேர் செய்பவரின் லைசென்ஸ் வேறு. முன்பு இந்தக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனை இருந்தது. 2019-ல் வந்த திருத்தம்தான் அதை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை உயர்த்தியது. சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். பட்டறைக்காரர் தெரியாமல் உதவி செய்யப்போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வெளிநாட்டு இணையதளத்தில் ஆர்டர் போட்டு கூரியரில் வரவழைக்கலாமே என்றால், அதற்கும் இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் கொண்டுவந்தாலும் இதே தண்டனைதான்.

ஸ்பேர் ஏன் கிடைப்பதில்லை?

இந்தியாவில் பரம்பரையாகக் கைமாறி வரும் பிஸ்டல்களில் பல, வெப்லி, கோல்ட், பிரௌனிங் போன்ற வெளிநாட்டுத் தயாரிப்புகள். வெள்ளைக்கார அதிகாரிகளும் எஸ்டேட் முதலாளிகளும் வைத்திருந்தவை, பின்னாளில் சுங்கத் துறை பறிமுதல் செய்து விற்றவை என்று வந்த வழி பல. 1980-களின் மத்தியில் தனியார் இறக்குமதிக்குக் கதவு கிட்டத்தட்ட மூடப்பட்டதால், இருப்பதையே கைமாற்றிக்கொள்ளும் நிலை. லண்டன் போலீஸ் 1911-ல் எடுத்துக்கொண்ட .32 வெப்லி பிஸ்டலைப் பாருங்கள். அதில் ஸ்லைடைத் தள்ளும் ஸ்பிரிங் மற்ற பிஸ்டல்கள் போல சுருளாக இருக்காது. கைப்பிடித் தகட்டுக்குள் 'V' வடிவத்தில் மடிந்திருக்கும். வேறு பிஸ்டலின் ஸ்பிரிங்கை எடுத்து மாட்ட வழியே இல்லை. வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் உற்பத்தி தொடங்கியிருப்பது உண்மைதான். ஆனால் அங்கே தயாராவது புது மாடல்கள். நூறு வருஷப் பழசுக்கு அது உதவாது.

உடைந்ததோடு வைத்திருந்தால் என்ன?

இங்கேதான் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், உயிர் சமாச்சாரம் இது. அறையில் இருக்கும் தோட்டாவை வெளியே இழுப்பது எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி. அது உடைந்திருந்தால் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் ஒரு தோட்டா உள்ளேயே தங்கிவிடலாம். கையில் இருப்பவர் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பார்! தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி உடைந்து முன்பக்கம் நீட்டியபடி சிக்கிக்கொண்டால் இன்னும் ஆபத்து. ஸ்லைடு மூடும்போதே, விசையைத் தொடாமலேயே வெடிக்கும். பட்டறையில் கடைந்த ஊசி ஒரு துளி நீளமாக இருந்தாலும் தோட்டாவின் அடிப்பகுதியைக் கிழித்துவிடும். சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பி வரும்.

ஆகவே உடைந்தது தெரிந்தால் விசையை இழுத்து சோதிக்கவே கூடாது. சுட்டுவிரலை விசையில் வைக்காமல், குழலைப் பாதுகாப்பான திசையில் திருப்பி, மேகசினைக் கழற்றி, வெளிச்சத்தில் அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். தோட்டா சிக்கியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதே சரி.

தோட்டா இல்லையென்றால் அடுத்தது, ரிப்பேர் செய்யும் அனுமதியுள்ள துப்பாக்கிக் கடை. சோழபுரத்துக்காரர் இதற்கு மதுரைக்கோ சென்னைக்கோதான் போக வேண்டியிருக்கும். கடைக்காரரின் லைசென்ஸில் ரிப்பேர் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சொந்த லைசென்ஸ் எந்தப் பகுதி வரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். தாத்தாவால் பயணம் செய்ய முடியாது, பேரன்தான் கொண்டு போக வேண்டுமென்றால் அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. லைசென்ஸ்தாரர் கூடவே இருந்தாலோ எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுத்தாலோ, லைசென்ஸ் இல்லாதவரும் ரிப்பேருக்காக எடுத்துச் செல்லலாம். வாயால் "எடுத்துட்டுப் போப்பா" என்று சொல்லி அனுப்பினால் வழியில் சோதனையில் சிக்கும்போது எதுவும் கைகொடுக்காது. கடையில் விட்டால் சீரியல் நம்பர் குறிப்பிட்ட ரசீது வாங்க வேண்டும். துரு நீக்குகிறேன் என்று தேய்த்து அந்த நம்பரையே அழித்துவிடக் கூடாது. அது தனிக் குற்றம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது எந்தப் பாகம் உடைந்திருக்கிறது என்பதை ரசீதில் எழுதி வாங்கினால், திரும்பப் பெறும்போது "கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்தது" என்ற தகராறு வராது.

ஸ்பேர் எங்குமே கிடைக்கவில்லை என்றால்? லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்கலாம். ஆனால் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற முடியும். அது வேண்டாமென்றால் உரிமம் பெற்ற டீலரிடம் கொடுக்கலாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். தாத்தா நினைவாக வீட்டிலேயே இருக்கட்டும் என்றால், சுடாத பிஸ்டலாக இருந்தாலும் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாத்தாவுக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன.