அநத்யயன காலமும் திருவத்யயனோத்ஸவமும்

திருக்கார்த்திகை கழிந்தவுடன் ஸ்ரீவைஷ்ணவத் திருமாளிகைகளில் திவ்யப்ரபந்தம் ஓதுவது நின்றுவிடுகிறது. நித்யாநுஸந்தானமான பாசுரங்களைப் புண்ணிய காலத்தில் விலக்குவானேன் என்னும் ஐயம் பலர்க்கு எழுகிறது. தொடர்ந்து வரும் உத்ஸவத்தின் திருநாமத்திலேயே இதற்கு விடை அடங்கியுள்ளது.

'அத்யயனம்' என்பது ஆசார்யன் முகமாக வேதமோதுதலைக் குறிக்கும். ச்ராவண பௌர்ணமியில் உபாகர்மம் செய்து வேதத்தைத் தொடங்குதலும், தைஷ பௌர்ணமியில் உத்ஸர்ஜனம் செய்து நிறுத்துதலும், ப்ரதமை முதலிய திதிகளில் ஓதாதிருத்தலும் தர்மசாஸ்த்ர மரபு. இதிஹாஸ புராணங்களுக்கு இந்நியதி இல்லை. எனவே அருளிச்செயலுக்கு அநத்யயன காலம் வகுத்தமை அதற்குக் குறை கூறியதன்று. அதனை வேதமாகவே கொண்டமைக்கு அடையாளமாகும்.

திருமங்கையாழ்வார் திருவாய்மொழிக்கு வேதத்தோடு ஒத்த ஏற்றம் வேண்டி நம்பெருமாளிடம் விண்ணப்பம் செய்து, மார்கழி சுக்ல ஏகாதசி தொடங்கிப் பத்து நாள் திருவிழா நடத்துவித்தார் என்பது திருவரங்கத்து ஐதிஹ்யம். பின்பு நாதமுனிகள் ஏனைய ஆழ்வார்களின் ப்ரபந்தங்களையும் இதில் சேர்த்தருளினார். அதன்படி பகல் பத்தில் முதலாயிரமும் பெரிய திருமொழியும், இராப் பத்தில் நாளொரு பத்தாகத் திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும், நிறைவில் இயற்பாவும் ஸேவிக்கப்படுகின்றன. அரையர்கள் தாளமேந்திப் பாசுரமிசைத்து, அபிநயித்து, வியாக்யானமும் ஸாதிப்பர். ஆகவே ஓதுதலும் பொருளுரைத்தலும் இங்கு ஒன்றாகவே நிகழ்கின்றன.

இராப் பத்தின் இறுதிநாளில் நம்மாழ்வார் திருமேனி பெருமாள் திருவடிகளில் சேர்க்கப்பெற்றுத் திருத்துழாயால் மூடப்பெறுகிறது. பின்னர், ஆழ்வாரை உலகுக்கு மீண்டும் தந்தருள வேண்டும் என்று விண்ணப்பம் செய்யப்பெற, பெருமாளும் அவ்வாறே தந்தருளுகிறார். ஓதுவோர்க்கு ஆழ்வாரும் அவர் திருவாக்கும் ஆண்டுதோறும் பெருமாள் அளிக்கப் பெறும் பேறுகளே என்பது இதனால் விளங்கும்.

அநத்யயன காலத்திலும் மார்கழி விடியலில் திருப்பள்ளியெழுச்சியும் திருப்பாவையும் ஒலிக்கின்றன. பல ஸந்நிதிகளில் மணவாளமாமுனிகளின் உபதேசரத்தினமாலை ஓதப்படுகிறது. இல்லங்களில் மீண்டும் தொடங்கும் நாள் ஸம்ப்ரதாயந்தோறும் வேறுபடும்.

அச்சுநூலும் ஒலிப்பதிவும் எந்நாளும் கைக்கெட்டும் இக்காலத்தில், இந்நியதி வெறும் தடையாகத் தோன்றக்கூடும். ஆயினும் வாய் ஓய்ந்திருக்கும் நாள்களில் நெஞ்சம் பொருளைச் சிந்திக்கத் தடையில்லை. தாமாக ஓதுவதை நிறுத்தி, ஸந்நிதியில் கோஷ்டியாரோடு நின்று கேட்பவனுக்கே, ஓதுதல் தன் உரிமையன்று, ஆசார்யர்கள் அருளிய பேறு என்பது புலப்படும். அந்தத் தெளிவோடு மீண்டும் ஓதத் தொடங்குவதே இவ்வுத்ஸவத்தின் பயன்.