யாருக்கு எந்தச் சாவி?

வங்கியில் நகைப் பெட்டகம் வைத்திருப்பவர்கள் அதை எப்படித் திறக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு சாவி வாடிக்கையாளரிடம் இருக்கும். மற்றொரு சாவி வங்கியிடம் இருக்கும். வங்கி அலுவலர் தம் சாவியைப் போட்டுத் திருப்புவார். வாடிக்கையாளரும் தம் சாவியைப் போட்டால்தான் கதவு திறக்கும். இருவரில் எவராலும் தனியாகத் திறக்க முடியாது.

அலுவலர்மீது சந்தேகம் என்பதாலா இந்த ஏற்பாடு? இல்லை. சற்றே சிந்தித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் நகைக்கு இது பாதுகாப்பு என்பது வெளிப்படை. அலுவலருக்கும் இது பாதுகாப்புத்தான். நகை காணவில்லை என்று யாரேனும் சொன்னால், "என்னால் தனியாகத் திறந்திருக்கவே முடியாது" என்று அவர் நிமிர்ந்து நின்று பதில் சொல்லலாம்.

இன்று மருந்துக் கடை, ஜவுளிக் கடை, மருத்துவமனை, உங்கள் பள்ளி அலுவலகம் என எங்கும் பேரேடுகள் கணிப்பொறிக்குள் போய்விட்டன. முன்பு பேரேடு அலமாரியில் இருந்தது. அலமாரிக்கு ஒரு பூட்டு. சாவி தலைமை எழுத்தரின் இடுப்பில். இப்போதோ நாற்பது பேர் தத்தம் இருக்கையில் அமர்ந்தபடியே ஒரே அலமாரியைத் திறக்கிறார்கள். அப்படியானால் யாருக்கு எந்தச் சாவியைக் கொடுப்பது? இது ஒரு சுவையான கணக்கு. தவறாகப் போட்டால் ஒரு நிறுவனத்தையே கவிழ்த்துவிடக்கூடிய கணக்கும்கூட.

இரண்டு கேள்விகள்

முற்காலத்துக் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவரின் வேலையைத்தான் செய்யும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு வழி செய்து காட்டினார்கள். கணிப்பொறியின் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, பலருக்கும் மாற்றி மாற்றிப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். துண்டுகள் மிகச் சிறியவை. ஆகவே ஒவ்வொருவரும் கணிப்பொறி முழுவதும் தமக்கே உழைப்பதாக எண்ணினார்கள்.

நேரம் பங்கிடப்பட்டது. ஆனால் எல்லாருடைய கோப்புகளும் ஒரே இடத்தில் அல்லவா சேர்ந்து கிடக்கின்றன? ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், அதற்கு ஒரு கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். நாம் இன்று பாஸ்வேர்டு என்று சொல்கிறோமே, அதுதான்.

1962-இல் என்ன நடந்தது தெரியுமா? அங்கு ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய வேலைக்கு அது போதவில்லை. துளையிட்ட அட்டை ஒன்றில் கோப்பின் பெயரைக் குறித்துக் கொடுத்தால், அந்தக் கோப்பை அச்சிட்டுத் தரும் வசதி அப்போது இருந்தது. அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பின் பெயரையே குறித்துக் கொடுத்தார்! கணிப்பொறியும் எல்லாருடைய கடவுச்சொற்களையும் ஒழுங்காக அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பிறருடைய கணக்குகளில் நுழைந்து அவர் தம் வேலையை முடித்துக்கொண்டார். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின்னர்தான் இதை அவரே வெளியில் சொன்னார்.

ஓட்டை எங்கே இருந்தது? "நீ யார்?" என்று கேட்கக் கணிப்பொறிக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். "இந்தக் கோப்பை நீ பார்க்கலாமா?" என்று ஒவ்வொரு வழியிலும் கேட்கக் கற்றுக் கொடுக்கவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பள்ளி வாயிலில் காவலர் உங்களை அடையாளம் கண்டு உள்ளே விடுகிறார். அதனால் வினாத்தாள் வைத்திருக்கும் அறைக்கும் நீங்கள் போகலாம் என்று ஆகிவிடாது அல்லவா?

ஒன்று, இரண்டு, நான்கு

இரண்டாவது கேள்வியைக் கணிப்பொறிக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-இல் தொடங்கி உருவாக்கிய யூனிக்ஸ் என்னும் இயக்க மென்பொருளில் ஓர் அழகான முறை அமைந்தது. 1970-களில் நிலைபெற்ற அந்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஒரு கோப்பைப் பொறுத்தவரை உலகத்தார் மூவகை: கோப்புக்கு உரியவர், அவருடைய குழுவினர், மற்றவர்கள். கோப்பில் செய்யக்கூடியவையும் மூன்று: படித்தல், எழுதுதல், இயக்குதல். படிக்க அனுமதி இருந்தால் 4, எழுத 2, இயக்க 1 என்று எண் கொடுத்துக் கூட்டிவிடுகிறார்கள்.

ஒரு மதிப்பெண் பட்டியலின் அனுமதி எண் 640 என்று வைத்துக்கொள்வோம். முதல் இலக்கம் 6, அதாவது 4+2. உரியவர் படிக்கலாம், எழுதலாம். இரண்டாம் இலக்கம் 4; குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். மூன்றாம் இலக்கம் 0. மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. மூன்றே இலக்கங்களில் ஒரு முழுச் சட்டம் அடங்கிவிட்டது!

ஏன் 1, 2, 3 என்று வைக்காமல் 1, 2, 4 என்று வைத்தார்கள்? 3 என்று வைத்திருந்தால், 3 என்பது ஒற்றை அனுமதியா, அல்லது 1-உம் 2-உம் சேர்ந்ததா என்ற குழப்பம் வரும். 1, 2, 4 என்று வைத்தால் 0 முதல் 7 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு வழியில்தான் கிடைக்கும். மளிகைக் கடைத் தராசுக்கு 1, 2, 4 கிலோ எடைக்கற்கள் இருந்தால் 7 கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுத்துவிடலாம். இதுவும் அதே தத்துவம்தான். ஓர் இலக்கத்துக்கு 8 வகை. மூன்று இலக்கங்களுக்கு 8×8×8, அதாவது 512 வகை அனுமதிகள்.

உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் இந்தத் தத்துவம் வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டு என்பது லினக்ஸ் மென்பொருளின் உட்கருவின்மேல் கட்டப்பட்டது. லினக்ஸோ யூனிக்ஸின் முறையைப் பின்பற்றி 1991-இல் தோன்றியது. கைப்பேசியில் நீங்கள் நிறுவும் ஒவ்வொரு செயலியையும் ஆண்ட்ராய்டு தனித்தனிப் பயனராக எண்ணி, தனி எண் கொடுக்கிறது. ஆகவே ஒரு விளையாட்டுச் செயலியால் வங்கிச் செயலியின் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்க முடியாது.

ஆளுக்கா, வேலைக்கா?

இனி ஒரு வியாபார நிறுவனத்துக்குள் நுழைவோம். அங்கே 40 ஊழியர்கள். அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் 50 வகையான வேலைகள்: பில் போடுதல், பில்லை ரத்து செய்தல், சரக்கு வரவு வைத்தல், விலையை மாற்றுதல், சம்பளம் பதிதல் என்று. ஒவ்வோர் ஊழியருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் "ஆம்" அல்லது "இல்லை" என்று குறிப்பதானால் 40×50, அதாவது 2,000 முடிவுகள் எடுக்க வேண்டும். 2,000 கட்டங்களில் பத்துக் கட்டங்கள் தவறிப் போனால் யார் கண்டுபிடிப்பது?

இப்போது அனுமதியை ஆட்களுக்குக் கொடுக்காமல் பொறுப்புகளுக்குக் கொடுப்போம். விற்பனை, கொள்முதல், கிடங்கு, காசாளர், கணக்கர், மேலாளர் என 6 குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 50 வேலைகளில் எவை உண்டு என்று குறிக்க 300 முடிவுகள். 40 பேரை அவரவர் குழுவில் சேர்க்க 40 முடிவுகள். மொத்தம் 340. புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் 50 கட்டங்களை நிரப்ப வேண்டாம். குழுவில் சேர்த்தால் போதும். ஒரே முடிவு!

இப்படி அனுமதியைப் பொறுப்போடு இணைக்கும் முறையை 1992-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பெராயோலோ, ரிச்சர்ட் குன் ஆகிய இருவரும் ஒழுங்கான கோட்பாடாக வகுத்தார்கள். 2004-இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதவி பெரியது என்பதற்காகச் சாவிகள் கூடுவதில்லை. முதலாளி தினமும் கிடங்கில் சரக்கு வரவு வைப்பதில்லை. ஆகவே அந்தச் சாவி அவருக்குத் தேவையில்லை. ஒருவருக்கு அவருடைய வேலைக்கு வேண்டிய அளவே அனுமதி, அதற்கு மேல் வேண்டாம் என்பது 1975-இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சொல்லப்பட்ட விதிகளுள் ஒன்று. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி இருப்பது நல்லது என்பதும் அதே கட்டுரையில் உள்ள விதிதான். அவர்களும் வங்கிப் பெட்டகத்தைத்தான் உதாரணம் காட்டினார்கள்!

சேர்ப்பு தரும் ஆபத்து

கணங்களைப் பற்றி நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால் அவருக்குக் கிடைக்கும் அனுமதி எது? வழக்கமாக, இரு குழுக்களின் அனுமதிக் கணங்களின் சேர்ப்பு. இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

கொள்முதல் குழுவில் இருப்பவர் புதிய சரக்கு வியாபாரியின் பெயரைப் பதியலாம். கணக்கர் குழுவில் இருப்பவர் வியாபாரிக்குப் பணம் அனுப்பலாம். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் தவறில்லை. கொள்முதலில் இருந்த ஒருவர் கணக்குப் பிரிவுக்கு மாறுகிறார். புதிய குழுவில் சேர்த்தார்கள். பழைய குழுவிலிருந்து பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள். இப்போது அவரால் இல்லாத ஒரு வியாபாரியைப் பதிந்து, அந்தப் பெயருக்குப் பணமும் அனுப்ப முடியும்! ஆகவே இந்த இரு குழுக்களின் உறுப்பினர்களும் எப்போதும் வெட்டாக் கணங்களாக இருக்க வேண்டும். ஒரே பெயர் இரண்டிலும் வரக்கூடாது. நல்ல மென்பொருள் இத்தகைய சேர்க்கையைத் தானே தடுத்துவிடும்.

இது வெறும் கற்பனைப் பயமா? லண்டனில் 1762-இல் தொடங்கப்பட்ட பேரிங்ஸ் வங்கியின் கதையைக் கேளுங்கள். அதன் சிங்கப்பூர்ப் பிரிவில் நிக் லீசன் என்ற இளைஞர் பங்குச் சந்தை வாணிபம் செய்து வந்தார். வாணிபம் செய்பவர் ஒருவராகவும், அதைச் சரிபார்த்துக் கணக்கு முடிப்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும் என்பது வங்கித் தொழிலின் பால பாடம். அவரிடமோ இரண்டு பொறுப்புகளும் இருந்தன. நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் மறைத்தார். அந்தக் கணக்கு லண்டனுக்குச் செல்லும் பெரும்பாலான அறிக்கைகளில் வராதபடி மென்பொருளிலும் மாற்றம் செய்யச் சொன்னார். தடுக்க யாரும் இல்லை. இரண்டு பொறுப்பும் ஒரே கையில் இருப்பது ஆபத்து என்று வங்கியின் தணிக்கையாளர்கள் 1994-இல் எழுதியே கொடுத்தார்கள். எழுதியது காகிதத்தில் நின்றது. 1995 பிப்ரவரியில் நட்டம் சுமார் 82 கோடி பவுண்டுக்கு மேல் போய், 233 ஆண்டு வயதான வங்கி சரிந்தது. பிறகு அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. லீசனுக்குச் சிங்கப்பூரில் ஆறரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

லீசன் செய்தது குற்றம். ஆனால் இரண்டு சாவியையும் ஒரே கையில் விட்டுவைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு அல்லவா?

உன் பெயரில் இன்னொருவர்

அனுமதி முறை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அதைக் கெடுக்க ஓர் எளிய வழி உண்டு: கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வது. "நான் சாப்பிட்டு வருகிறேன், என் பாஸ்வேர்டில் நீங்கள் பில் போடுங்கள்" என்று காசாளர் ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த அரை மணி நேரத்தில் ஒரு பில் ரத்தாகிறது, பணம் குறைகிறது. எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எந்த நிமிடத்தில், என்ன செய்யப்பட்டது என்று மென்பொருள் குறித்து வைத்திருக்கும். அதில் இருப்பது யாருடைய பெயர்? சாப்பிடப் போனவருடையது! பாவம், அவர் என்ன சொல்லித் தப்புவார்?

எனவே "இந்த அனுமதி உனக்கு இல்லை" என்று மென்பொருள் சொல்லும்போது அதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். திறக்க முடியாத பெட்டியில் காணாமல் போனதற்கு உங்களை யாரும் கேட்க முடியாது. பூட்டு நேர்மையானவருக்கும் துணை.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக்கு ஓர் அனுமதிப் பட்டியல் தயாரியுங்கள். மேலே வரிசையாக வேலைகளை எழுதுங்கள்: வருகை பதிதல், மதிப்பெண் பதிதல், பதிந்த மதிப்பெண்ணைத் திருத்துதல், கட்டண ரசீது போடுதல், ரசீதை ரத்து செய்தல், மாற்றுச் சான்றிதழ் கொடுத்தல். இடப்பக்கத்தில் பொறுப்புகள்: தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், அலுவலக எழுத்தர், மாணவர். ஆட்களின் பெயர் எதுவும் வரக்கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் 1 அல்லது 0 போடுங்கள்.

பிறகு மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள். எந்த இரண்டு வேலைகள் ஒரே கையில் இருக்கக்கூடாது? ஒரு வகுப்பாசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் நாளில் பட்டியலில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? இந்தப் பட்டியலையே திருத்தும் அனுமதியை யாரிடம் கொடுப்பீர்கள். அவரை யார் கவனிப்பார்கள்?

மூன்றாவது வினாவுக்கு எளிதில் விடை கிடைக்காது. நண்பர்களோடு சேர்ந்து விவாதியுங்கள். பெட்டகத்தின் இரண்டாவது சாவியை நினைவில் வைத்துக்கொண்டால் வழி பிறக்கும்.