முன்னால் ஒட்டும் சொல்



எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டோம். இனி இங்கிலீஷ் சொற்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நெருளில் ரயில் நிலையம், பேங்க், மருந்துக் கடை என எங்கு போனாலும் அவைதான் கண்ணில் படுகின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியுமா? தேவையில்லை. ஒரு வழி இருக்கிறது.

'நீதி' என்ற சொல்லுக்கு முன்னால் 'அ' சேர்த்தால் 'அநீதி'. 'சுத்தம்' என்பது 'அசுத்தம்' ஆகிறது. பொருள் தலைகீழாக மாறுகிறது. இங்கிலீஷிலும் இப்படிச் சொற்கள் உண்டு.

பெய்டு - பணம் கட்டியது.
அன்பெய்டு - பணம் கட்டாதது.
ப்ரீபெய்டு - முன்கூட்டியே பணம் கட்டியது.

பார்த்தீர்களா? ஒரு சொல் தெரிந்தால் மூன்று சொல் தெரிகிறது. இன்னும் சில:

வேலிட் - செல்லும். இன்வேலிட் - செல்லாது.
ஃபில் - நிரப்பு. ரீஃபில் - மறுபடியும் நிரப்பு. கேஸ் சிலிண்டருக்கு இப்படித்தான் சொல்கிறோம்.

இனி ஓர் எச்சரிக்கை.

சயான்-பன்வேல் சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிகள் போகின்றன. அவற்றின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'ஹைலி' என்றால் மிகவும். 'ஃப்ளேம்' என்றால் தீச்சுடர். முன்னால் 'இன்' இருக்கிறது. அப்படியானால் தீப்பிடிக்காது என்று பொருளா?

இல்லை! எளிதில் தீப்பிடிக்கும் என்று பொருள். இங்கே வரும் 'இன்' வேறு. அதற்கு 'உள்ளே' என்று பொருள். லத்தீன் மொழியிலிருந்து வந்தது.

படித்தவர்களும் இதில் குழம்பினார்கள். அதனால் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 'இன்' இல்லாமல் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும்படி கேட்டுக்கொண்டது. இன்று இரண்டும் வழக்கில் உள்ளன. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பிடிக்காததை 'நான்-ஃப்ளேமபிள்' என்பார்கள். 'நான்-வெஜ்' என்கிறோமே, அதே 'நான்'.

பெயின்டில் கலக்கும் தின்னர் டப்பாவிலும், கொசு மருந்து ஸ்பிரேயிலும் இந்தச் சொல் இருக்கும். தவறாகப் புரிந்துகொண்டு பக்கத்தில் பீடி பற்றவைத்தால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய பொருள்களை ரயிலில் கொண்டு போவதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

ஆகவே, சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பொருளை ஊகியுங்கள். ஆனால் ஊகத்தோடு நின்றுவிடாதீர்கள். அகராதியைப் பாருங்கள். தெரிந்தவரிடம் கேளுங்கள். சிவப்புக் கட்டத்தில் தீச்சுடர்ப் படம் இருந்தால் தள்ளியே நில்லுங்கள்.

செய்து பாருங்கள்:
1. உங்கள் வீட்டில் உள்ள டப்பாக்களில் 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லைத் தேடுங்கள்.
2. 'அன்', 'ரீ', 'ப்ரீ' என்று தொடங்கும் சொற்களில் மூன்றை நோட்டில் எழுதுங்கள். பொருளையும் எழுதுங்கள்.
3. அவற்றை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.