கரிசல் பிள்ளைக்கு எந்த இயற்கை?

சிறுவர்களுக்குப் பியானோ துண்டுகள் எழுதுகிறவர்கள் இயற்கையைத் தேடிப் போவது பழைய வழக்கம். ஷூமன் 1848இல் வெளியிட்ட 43 துண்டுகளில் குளிர்காலம் இருக்கிறது. மே மாதத்தை ஆசையோடு வரவேற்கும் துண்டும் இருக்கிறது. கோவில்பட்டியில் கீபோர்டு பழகுகிற பிள்ளைக்கு மே என்றால் வெடிச்சுக் கிடக்கிற நிலம். குற்றம் ஷூமனுடையதல்ல. ஐரோப்பாவின் ஒரு பருவத்தையே 'இயற்கை' என்று பொதுமைப்படுத்திக் கற்பிக்கும்போதுதான் அதிகாரம் வேலை செய்கிறது. 'நம்ம வெயில்ல வாசிக்க என்ன சார் இருக்கு?' என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் எழுத ஆரம்பித்தேன்.

குயில் கூவுவதைச் சுரத்தில் நகல் எடுப்பது சுலபம். பார்டோக் அதோடு நிற்கவில்லை. 1926க்கும் 1939க்கும் இடையில் எழுதிய 153 துண்டுகள் கொண்ட 'மைக்ரோகாஸ்மாஸ்' வரிசையில் ஈயின் நாட்குறிப்பு என்றொரு துண்டு உண்டு. இரண்டு கைகளும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் உரசுகின்றன. வலையில் மாட்டிய ஈயின் தவிப்பு விரலுக்கே வந்துவிடுகிறது. வேடிக்கை பார்க்கிறவனின் இயற்கை அல்ல இது. உள்ளே மாட்டிக்கொண்டதன் இயற்கை.

நமக்கும் ஒரு முன்னோடி பக்கத்திலேயே இருக்கிறார். 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், மேனாட்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதினார். கமகமில்லாத அந்த நோட்டு சுரங்களை இன்றும் பிள்ளைகள் பாடுகிறார்கள். இழுத்து வளைக்க முடியாத பியானோக் கட்டைக்கும் இது பொருந்தும். வறண்ட இந்தச் சீமையில் அவர் அமிர்தவர்ஷினி பாடி மழை பெய்தது என்பது வழிவழிக் கதை. கதை அற்புதத்தைச் சொல்கிறது. புரட்டாசியில் விதையைக் கையில் வச்சுக்கிட்டு வானத்தைப் பார்க்கிற சம்சாரியை அது சொல்வதில்லை.

ராகத்தை எடுத்துக்கொண்டேன், அற்புதத்தை விட்டுவிட்டேன். அமிர்தவர்ஷினிக்கு ஐந்தே சுரம்: ச, க, ம, ப, நி. வெள்ளைக் கட்டை 'சி'யைச் சட்ஜமாக வைத்தால் மத்திமம் மட்டும் கறுப்புக் கட்டையில் விழும். சின்னக் கை எட்டாது என்பதால் ச, க இடது கைக்கு. ம, ப, நி வலது கைக்கு. சட்ஜமத்துக்கு ஆறு அரைச்சுரம் தள்ளி நிற்கும் அந்தப் பிரதி மத்திமம் நிம்மதியில்லாதது. அதை ஒரு தரம் தட்டிவிட்டு நாலு எண்ணிக்கை சும்மா இருக்கணும். பிள்ளைகள் திணறுவது இங்கேதான்: சும்மா இருப்பதையும் எண்ணித்தான் வாசிக்க வேண்டும். மானாவாரி விவசாயமும் அப்படித்தானே?

முடிவு இரண்டு எழுதியிருக்கிறேன். ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கிச் சட்ஜமத்தில் சேரும். மற்றொன்று மத்திமத்திலேயே நின்றுபோகும். மழை பொய்த்த வருசம் அது. எதை வாசிப்பதென்று பிள்ளையே தீர்மானிக்கலாம்.

சின்னப் பிள்ளைகளின் விரல்கள் தீக்குச்சி அடுக்கிய ஊர் இது. அதே ஊர்ப் பிள்ளைகள் கட்டை மேல் விரல் வைக்கும்போது, கண்ணில் படாத பனியை வாசிக்கவா சொல்வது? இருப்பதை வாசிக்கட்டும். பொய்க்கிற மழையும் இயற்கைதான்.